கம்பவுண்டர்தான் கொலைகாரன்

"வாட்ச்மேன் வேஷத்துக்கு இவர் வேணாம்," என்றாள் ஜெனிபர்.

கேமராமேன் அத்னானுக்குப் புரியவில்லை. அவளை ஓரமாக அழைத்துக்கொண்டு போனான்.

"இன்னாக்கா சொல்றே? வசனமே இல்லாம, நின்ன இடத்துல நின்னே பயம் காட்டிட்டாரு. காலையிலேருந்து வந்த பதினஞ்சு பேர்ல இவருதான் டாப்பு."

புதுவாயல் கூட்ரோட்டில் ஒரு டியூஷன் சென்டர் மாடி. அங்கேதான் ஜெனிபரின் முதல் படத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூடிக் கிடக்கும் இரும்பு மில்லில் ஒரு கொலை. செய்தது யார் என்பதுதான் கதை. கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் லேப் வேலை பார்த்துக்கொண்டே, மூன்று வருஷம் லீவு நாளிலெல்லாம் உட்கார்ந்து எழுதியது. கையில் இருந்த காசுக்கு, நடிக்கிறவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்து ஜனங்கள்.

அவள் வேண்டாம் என்ற ஷஃபியுல்லா பாய்க்கு எழுபது வயசு இருக்கும். வந்ததுமே, "நீ கவரப்பேட்டை எபினேசர் பொண்ணுதானம்மா?" என்று அன்பாகத்தான் விசாரித்தார்.

ஜெனிபர் திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"பாய், கும்மிடிப்பூண்டி பழைய டாக்கீஸ்ல கேட்டுல நின்னது நீங்கதானே?"

பாயின் முகம் மலர்ந்தது. "ஆமாம்மா. இருபத்திரண்டு வருஷம்."

அந்த டாக்கீஸ் இப்போது டைல்ஸ் குடோன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜெனிபருக்குப் பத்து வயசு திரும்பிவிடும். மே மாச லீவு, பெரியப்பா பிள்ளைகளோடு மேட்னி ஷோ, கதவோரம் கடைசி பெஞ்ச். கையில் முறுக்கு, தலைக்கு மேல் லொடலொடக்கும் ஃபேன். எத்தனையோ மாலில் எத்தனையோ படம் பார்த்தாயிற்று. அந்த மதியம் போல ஒன்று அமையவில்லை.

அன்றைக்கு ஓடியதும் மர்மப் படம்தான். இன்டர்வல் முடிந்து கொஞ்ச நேரம். யார் கொலைகாரன் என்று அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் கதவருகே இவர் குரல் கேட்டது. டார்ச்சைத் தரையில் அடித்தபடி, ஒரு பெண்கள் கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"டாக்டர் இல்லம்மா. கம்பவுண்டர்தான் கொலைகாரன்."

அதோடு படம் போச்சு. இருபத்தாறு வருஷம் ஆகியும் அந்தக் கடுப்பு போகவில்லை.

"இந்த வாட்ச்மேன் கொலையைக் கண்ணால பார்த்தவன் பாய்," என்றாள். "ஆனா கடைசி வரைக்கும் வாயே திறக்க மாட்டான். உங்க வாயில ரகசியம் நிக்காது. படம் வர்றதுக்குள்ள ஊர் பூரா முடிவைச் சொல்லிடுவீங்க. அந்தக் காலத்துல சொல்லிக்கினுதானே இருந்தீங்க?"

காத்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

பாய் அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. அப்புறம், "ஆமாம்மா, சொல்லிக்கினுதான் இருந்தேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மெல்லப் படியிறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனிபர் இதை அம்மாவிடம் சொன்னாள். அவரைக்காய் அரிந்துகொண்டிருந்த விக்டோரியாவின் கை நின்றது.

"ஷஃபியுல்லா பாயையா வேணாம்னு அனுப்பிச்ச?"

"பின்னே இன்னாம்மா? படம் ஓடிக்கினு இருக்கும்போதே முடிவைச் சொல்றவரு."

விக்டோரியா ஹாலை எட்டிப் பார்த்தாள். எபினேசர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினாள்.

"எங்களுக்கு அப்ப கும்மிடிப்பூண்டி கம்பெனில காலை ஷிஃப்ட்டு. ரெண்டு மணிக்கு உட்டுருவாங்க. ரெண்டரைக்கு மேட்னி. ஆனா நாலரை ரயிலைப் புடிச்சே ஆகணும். பாதிப் படத்துல எழுந்துருவோம்."

"நீயா? சினிமாவுக்கா?"

"நானும், கூட வேலை செஞ்ச பொம்பளைங்களும். பதினோரு பேரு. வேலை ஜாஸ்தின்னு ஊட்டுல சொல்லிட்டுப் போவோம். தெரிஞ்சிருந்தா அத்தோட வேலைக்கே அனுப்பியிருக்க மாட்டாங்க." விக்டோரியாவுக்குச் சிரிப்பு வந்தது. "மனசே இல்லாம எழுந்து வருவோம். பாய் கதவுகிட்ட நிறுத்தி மீதிக் கதையைச் சொல்லி அனுப்புவாரு. கவரப்பேட்டை வர்ற வரைக்கும் ரயில்ல அதே பேச்சுதான். அந்த மாதிரி சிரிச்சதெல்லாம் அப்புறம் இல்லடி. எங்களைத் தவிர வேற யாருக்கும் அவரு முடிவைச் சொன்னதில்ல."

ஜெனிபர் நோட்டுப் புத்தகத்தில் பாயின் நம்பரைத் தேடி எடுத்து போன் போட்டாள்.

"பாய், நான் ஜெனிபர். தெரியாம பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. வாட்ச்மேன் நீங்கதான். வர்ற ஞாயித்துக்கிழமை வந்துருங்க."

பாய் சிரிப்பது கேட்டது.

"வர்றேம்மா. ஆனா கொலைகாரன் யாருன்னு எனக்குச் சொல்லிராத. படம் வந்ததும் பார்த்துக்கிறேன்."

போனை வைத்த ஜெனிபருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"உங்களுக்குத்தான் முடிவைச் சொன்னேன்னு அங்கேயே சொல்லியிருக்கலாமேம்மா. அத்தனை பேர் முன்னாடி பேச்சு வாங்கிக்கினு போனாரே."

அதற்குள் எபினேசர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "டீக்கடைக்குப் போய்ட்டு வர்றேன். பாய் வந்திருப்பாரு," என்று செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை விக்டோரியா பேசவில்லை.

"இருபது வருஷமா உங்கப்பாவும் அவரும் ஒண்ணாத்தான் டீ குடிக்கிறாங்க," என்றாள். "நான் சினிமாவுக்குப் போனது இன்னிவரைக்கும் உங்கப்பாவுக்குத் தெரியாது."