அரைச் சுற்று

பகல் வெயில் மூக்குக்கண்ணாடிக் கடையின் மேசைவரை வந்து நிற்கிறது. கழுத்தில் அளவு நாடா தொங்க, எதிர்க்கடைத் தையல்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டுகிறார். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. "காதுப் பக்கம் மறுபடி லூசாயிடுச்சுங்க." கடைக்காரி சின்னத் திருப்புளியை எடுக்கிறாள். "துணி தைக்கிறீங்களா, குஸ்தி போடுறீங்களா, டெய்லரே?" "நாள் பூரா குனிஞ்சே இருக்கேன். நிமிந்தா உங்க கடைதான் தெரியுது." "அப்படின்னா பவரக் கொறச்சிடறேன்." அவரோடு நரைத்த மீசையும் சிரிக்கிறது. உள்ளே லென்ஸ் தேய்க்கும் தங்கை மெஷினை நிறுத்திவிட்டுக் கத்துகிறாள்: "அக்கா, கடலை போட்டது போதும், கருகிடப் போகுது!" "வாய மூடுடி" என்கிற அக்காவின் காதோரம் சிவக்கிறது. திருகாணியை இறுக முடுக்குகிறாள். கெட்டியாகிவிட்டது. கண்ணாடி இல்லாத அவருக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியாது. அவள் தலை நிமிராமல் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தி, "இனிமே கழலாதுங்க" என்று நீட்டுகிறாள்.