முதலில் நின்ற விசிறி

ஒரு பயணிகள் விமானத்தில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள் இருந்தன. தரையிறங்கிய பின் எப்போதும் இடது விசிறிதான் முதலில் நிற்கும். நின்றதும், "என்னண்ணே, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கீங்க?" என்று வலது விசிறியைக் கேலி செய்யும்.

பயணிகள் இறங்கும் கதவு இடதுபக்கம் இருப்பதால் விமானி இடது விசிறியை முதலில் நிறுத்துகிறார், அவ்வளவுதான். வலது விசிறிக்கு இது தெரியும். இன்று இறங்கியதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தது.

இறங்கும்போது பெருமழை. பக்கத்திலிருந்து அடித்த காற்று விமானத்தை ஓடுபாதைக்கு வெளியே தள்ளியது. இடதுபக்கச் சக்கரம் முறிந்தது. இடது விசிறி சேற்றை உழுது, நான்கு தகடுகளும் மடங்கி நின்றது.

பயணிகள் நாற்பத்திரண்டு பேரும் நனைந்துகொண்டே இறங்கிப் போனார்கள்.

"எல்லாரும் இறங்கிட்டாங்களா அண்ணே?"

"ஒருத்தர் விடாம இறங்கிட்டாங்க. ரொம்ப வலிக்குதா?"

"அது கிடக்கட்டும். இன்னைக்கும் நான்தானே முதல்ல நின்னேன்?"



"நீதான் தம்பி," என்றது வலது விசிறி. "உன்னை நான் எப்ப முந்தியிருக்கேன்?"