பச்சை கேட் வீடு

குழந்தைகள் கொண்டாடும் ‘கதை மாமா’ வீட்டு வாசலில் காலையிலேயே பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எல்லார் கையிலும் அவருடைய புதுப் புத்தகம்.

“கையெழுத்து வேணுமா கண்ணுங்களா?”

“இளவரசியைத் திறந்து விடுங்க மாமா! பச்சை கேட் வீட்டு மாடியில அவங்க அப்பாவே பூட்டி வச்சிருக்காருன்னு எழுதியிருக்கீங்களே?”

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. “அது சும்மா கதைம்மா.”

“கதவு நம்பர்கூட உங்க வீட்டு நம்பர்தானே போட்டிருக்கு?” என்றாள் ஒரு சிறுமி.

‘நான் எழுதவில்லை’ என்றால் அவர் பேர் போய்விடும். ‘நான்தான் எழுதினேன்’ என்றால் மாடியைத் திறந்து காட்ட வேண்டும். அதற்குள் பெற்றோர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

ஏழு வருடமாக மகள் எழுதியதையெல்லாம் தன் பெயரில் அச்சுக்கு அனுப்பிய மனிதர், மாடி அறையின் பூட்டைத் திறந்தார்.

பெட்டியோடு தயாராக நின்ற மகள் சொன்னாள்: “கடைசிப் பக்கத்தையாவது படிச்சுப் பார்த்திருக்கலாமேப்பா.”