சர்வர் விழுந்துடுச்சு!

"அண்ணன் தானே நிறுத்தறார், தானே ஓட விடறார். தினமும் காலையில இதே வேலைதான் சார்!"

புதிதாகச் சேர்ந்த பெண் சொன்னதை மேனேஜர் நம்பவில்லை. நாங்களும்தான்.

சுவரில் மாட்டியிருந்த டேஷ்போர்டைக் காட்டினாள். அவளே உட்கார்ந்து உருவாக்கியது. சர்வரில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு பெட்டி. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. பில் போடுவது, மெசேஜ் அனுப்புவது, சம்பளக் கணக்கு என்று வரிசையாகப் பச்சை. கடைசி மூலையில் இருந்த, கடைச் சரக்கு இருப்பைக் காட்டும் பழைய ஸ்டாக் புரோகிராம் மட்டும் தினமும் ஆபீஸ் தொடங்கியதும் சிவப்பாகும், கொஞ்ச நேரத்தில் பச்சைக்குத் திரும்பும்.

"தானா விழுதோன்னு பார்த்தேன். இல்லை. நிறுத்தச் சொல்லி உத்தரவு போறதே அண்ணன் மெஷின்லேர்ந்துதான்."

அண்ணன் எங்கள் சீனியர். தலை பாதி நரைத்தவர், கல்யாணம் காட்சி பார்க்காதவர். மேஜை நாற்காலி வருவதற்கு முன்பே இந்த ஆபீஸுக்கு வந்துவிட்டார் என்று அவரைக் கேலி செய்வோம்.

மேனேஜரின் முகம் கடுகடுத்தது. "தானே நிறுத்திட்டு, தானே சரி பண்ணி நல்ல பேர் வாங்கற வித்தையா? கூப்பிடு அவரை."

அண்ணன் வந்தார். டேஷ்போர்டைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. மறுக்கவில்லை.

"நான்தான் சார் நிறுத்தறேன். அதை இப்போ பயன்படுத்தறது ஒரே ஒருத்தர்தான். நம்ம பெயிண்ட் கடைக்காரர்."

பழைய ஆட்களான எங்களுக்கெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் முதல் வாடிக்கையாளர் அவர். அப்போது டேஷ்போர்டு ஏது? சர்வர் என்பதே ஜன்னல் ஓரத்தில் மேஜைக்கடியில் உறுமிக்கொண்டிருந்த ஒரு பெட்டிதான். அது விழுந்த சங்கதியே அவர் போன் வந்தால்தான் எங்களுக்குத் தெரியும்.

"என்னப்பா, செத்துடுச்சா உன் பெட்டி? கடை நிறைய ஆளை வெச்சுக்கிட்டு நான் திருதிருன்னு முழிக்கறேன்!" என்று காது கிழியத் திட்டுவார். சரி செய்ததும் மறுபடி கூப்பிட்டு, "சாப்பிட்டியா தம்பி?" என்பார். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை திட்டு வேண்டுமானாலும் வாங்கலாம். எங்களில் பாதிப் பேர் வேலை கற்றுக்கொண்டதே அந்தத் திட்டில்தான். என்ன அருமையான நாட்கள்!

"அவர்தான் கடையை வித்துட்டாரே?" என்றார் மேனேஜர்.

"வித்துட்டார். சம்சாரமும் போயிட்டாங்க. தனியா இருக்கார். ஆனா காலையில அந்தப் பழைய ஸ்டாக்கைத் திறந்து ஒரு பார்வை பார்க்கலேன்னா அவருக்குக் காபி இறங்காது. எப்படி இருக்கீங்கன்னு நானா கேட்டா, 'நான் என்ன நோயாளியா?'ன்னு வெடுக்குனு போனை வெச்சுடுவார். திட்டணும்னா மட்டும் தானாக் கூப்பிடுவார். அந்தக் குரல் கேட்டா ஆள் நல்லா இருக்கார்னு அர்த்தம். உடனே ஓட விட்டுடுவேன்."

புகார் சொன்ன பெண் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "உங்க மனசு புரியுது. ஆனா கஸ்டமர்கிட்ட பொய் சொல்ற ஆபீஸ்னு நமக்குப் பேர் வரக்கூடாது. இனிமே கை வெச்சீங்கன்னா உங்க வேலையை என்னால காப்பாத்த முடியாது."

மறுநாள் எல்லாப் பெட்டியும் பச்சை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. தன் மேஜைப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அது அடிக்கும் நேரம் வந்தது, போனது.

"அதான் நிக்காம ஓடுதே, அப்புறம் எதுக்குக் கூப்பிடப் போறார்?" என்று நான் சமாதானம் சொன்னேன்.

"ஓடறதாலதான் கூப்பிடலையா, இல்லே வேற ஏதாவதான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடறேன் சார்."

பதிலுக்குக்கூட நிற்காமல் படியிறங்கிவிட்டார்.

அவர் போன சற்று நேரத்தில் அந்த மேஜைப் போன் அலறியது. அந்தப் பெண் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னப்பா, இன்னிக்கும் விழுந்துடுச்சா உங்க சர்வர்? தட்டித் தட்டி என் விரலே தேஞ்சு போச்சு! போன்ல சார்ஜ் இல்லாம போச்சு, இருந்திருந்தா அப்பவே கிழிச்சிருப்பேன்!"

அதே கணீர்க் குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணோ டேஷ்போர்டைத் திரும்பிப் பார்த்தாள். மூலைப் பெட்டி பச்சையாகவே இருந்தது.

"ஐயா, உங்க புரோகிராம் ஓடிட்டுத்தானே இருக்கு? காலையிலேர்ந்து ஒரு தடவைகூட நிக்கலையே!"

மறுமுனையில் குரல் சட்டென்று தணிந்தது.

"தம்பி பக்கத்துல இருக்கானா?"

"இல்லைங்க. வெளியே கிளம்பிட்டார்."

"அப்ப சொல்றேன், அவன்கிட்ட போட்டுக் கொடுத்துடாதேம்மா. குடும்பம் குட்டின்னு ஒண்ணும் இல்லாத பையன். நான் கூப்பிட்டு நாலு திட்டு திட்டலேன்னா, அவனுக்கு வேற யாரு போன் பண்ணப் போறாங்க? அதான் தினமும் விழுந்துடுச்சுன்னு ஒரு பொய்."

"ஐயா... அவர் உங்களைப் பார்க்கத்தான் வந்துட்டிருக்கார்."

"ஐயையோ, இங்கேயா! கம்ப்யூட்டரைக் கடையோட சேர்த்து அப்பவே வித்துட்டேனேம்மா... இப்ப ஒரு கம்ப்யூட்டருக்கு நான் எங்கே போவேன்?"