மன்னிப்பு என்ற அத்தியாயம்

ஜன்னல் வெயில் பைபிளின் சிவந்த விளிம்பில் விழுந்து கிடக்கிறது. ஓய்வுபெற்ற ரயில் கார்டு தன் வாழ்க்கைச் சாட்சியைப் புத்தகமாக்க போனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்; அது கேட்டுக் கேட்டு எழுதுகிறது. “என் தம்பியை முழு மனதோடு மன்னித்தேன். கர்த்தர் எனக்குக் கற்பித்த பாடம் இது.” சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நிற்கிறது. “ஞாயித்துக்கிழமை உங்க தம்பி கூப்பிட்டப்ப போனைக் கவுத்து வெச்சீங்களே,” என்கிறாள் மனைவி. போன் அதையும் எழுதிவிடுகிறது, அவருடைய வரிக்குக் கீழேயே, அதே எழுத்தில். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, யாரோ எழுதியதைப் போல அதை உற்றுப் பார்க்கிறார். அழிக்கப் போன விரல் பாதியில் நிற்கிறது. மறுபடி வாசிக்கிறார், இந்த முறை உதடு அசைய. “என்னங்க, சத்தத்தையே காணோம்?” அவள் ஈரக் கையோடு எட்டிப் பார்க்கிறாள். போன் அவர் காதில் இருக்கிறது. தம்பி வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.