சுவரில் ஒட்டிய கண்ணாடி

"இந்தக் கண்ணாடி என்னைக்கு உடையுதோ, அன்னைக்கே நீங்க வூட்டைக் காலி பண்ணிடணும். அப்புறம் ஒரு நாள்கூடத் தர மாட்டோம்."

செபாஸ்தியான் சார் இதைச் சொல்லிவிட்டு, சுவர் விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை வெள்ளை சிமெண்டால் ஒட்டினார். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக் கொடுத்துவிடுமாம்.

அமிர்தம் தையலை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்தாள்.

திருக்கோவிலூரில் பழைய கட்டிடங்களை இடிய விடாமல் காப்பாற்றும் அறக்கட்டளை ஒன்றில் இன்ஜினியர் அவர். அமிர்தம் குடியிருந்த நூறு வருஷச் சத்திரம் இப்போது அவர்கள் பொறுப்பில் இருந்தது. அதன் முன்னறையில் அமிர்தத்தின் தையல் மிஷின், பின்னறையில் குடித்தனம். புருஷன் வேடியப்பன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் போனால் திரும்பி வரும்வரை ஆளைப் பார்க்க முடியாது. மகள் ஷாலினிக்குப் பிளஸ் டூ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

"புள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் சார். அதுக்குள்ள போவச் சொன்னா எங்க போவோம்?"

"என்னை ஏம்மா கேக்கற? கண்ணாடியைக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"எவனோ கட்டுன தூணைத் தடவித் தடவிப் பாக்கறாரு. உசுரோட இருக்கறவங்களைப் பத்தி அந்த ஆளுக்கு இன்னா கவலை?" என்று அமிர்தம் மகளிடம் பொருமித் தீர்த்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு லாரி தெருவில் திரும்பும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பாள். ஷாலினி கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினால் போதும், "மெதுவாடி" என்று பாய்வாள்.

ஒரு நாள் காலையில் விளக்குமாற்றோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடி நட்ட நடுவில் உடைந்திருந்தது.

மகளிடம்கூட மூச்சு விடவில்லை. போட்டோவுக்கு பிரேம் போடுகிற கடைக்குப் போய் அதே அளவில் ஒரு துண்டு வாங்கி வந்தாள். சார் செய்தது போலவே சிமெண்டைக் குழைத்து ஒட்டினாள்.

சனிக்கிழமை அவர் வந்தபோது அவளால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

"ஒண்ணும் ஆவலியே?" என்று எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவல சார்."

"பாப்பா எப்படிப் படிக்குது? பரீட்சை என்னைக்கு முடியுது?"

துரத்துவதற்கு நாள் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அமிர்தம் தேதியைச் சொன்னாள்.

அவர் தலையாட்டிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கூடத்தைத் திறந்து உள்ளே போனார். அது பூட்டியே கிடக்கும். விரிசலின் அந்தப் பக்கத்திலும் அவர் ஒரு கண்ணாடி ஒட்டியிருந்தார்; கூடத்துச் சாவி அவரிடம்தான். வெளியே வர நேரமாயிற்று. வந்ததும் அறக்கட்டளைக்குப் போன் போட்டார்.

"ரெண்டு பக்கக் கண்ணாடியும் அப்படியேதான் இருக்குதுங்க. சுவரு அசையல."

இவ்வளவு படித்த ஆளை ஏமாற்றிவிட்டோமே என்று அமிர்தத்துக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அடுத்த வாரமும் கண்ணாடி உடைந்தது. அடுத்த வாரமும் ஒட்டினாள். சனிக்கிழமை அவரும் வந்தார், எட்டிப் பார்த்தார், கூடத்துக்குள் போனார், போன் போட்டார். இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவர் தெருவில் இறங்கி நடந்த கொஞ்ச நேரத்தில் ஷாலினி பின்னறையிலிருந்து கூப்பிட்டாள்.

"யம்மா, இந்தக் கதவு சாத்த முடியல. வாசக்கால் ஒரு பக்கமா எறங்கியிருக்குது பாரு."

அமிர்தம் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். அவர் பார்த்துவிட்டுப் போய் முழுசாகப் பத்து நிமிஷம் ஆகவில்லை, அது உடைந்திருந்தது. விரிசலிலிருந்து காரை பொலபொலவென்று மிஷின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.

வீடு போய்விடுமே என்று அத்தனை நாள் அவளைப் பிடித்து ஆட்டிய பயம் அந்த நொடியே விட்டுப்போயிற்று. பெண் போய்விடுவாளே என்ற பயம்தான் வந்தது.

"உடனே வெளிய வாடி."

"புஸ்தகம்லாம் உள்ள..."

"கெடக்கட்டும், நீ வா."

மகளைத் தரதரவென்று தெருவுக்கு இழுத்து வந்து எதிர்ச்சாரியில் நிறுத்தினாள். தெருமுனையில் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்த செபாஸ்தியான் சாரிடம் ஓடினாள்.

"என்னை மன்னிச்சிருங்க சார். கண்ணாடி முன்னாடியே ரெண்டு வாட்டி உடைஞ்சிச்சி. காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு பயந்துக்கினு நான்தான் வேற வாங்கி ஒட்டினேன். இப்ப மறுபடியும் உடைஞ்சிருக்கு, வாசக்கால் எறங்குது."

நாலு பேர் பார்க்கத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"பாப்பா எங்க?"

"அதோ, வெளியதான் நிக்குது."

அவர் வண்டியை அப்படியே சாயவிட்டுத் தெருவோரம் உட்கார்ந்துவிட்டார். வண்டியில் மாட்டியிருந்த பை கவிழ்ந்து, உள்ளேயிருந்த உடைந்த கண்ணாடித் துண்டுகள் தெருவில் கொட்டின.

"இன்னா சார் இது?"

அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அந்தப் பக்கத்து கண்ணாடிம்மா. வாரா வாரம் உடைஞ்சிச்சி. பாப்பா பரீட்சை எழுதி முடிக்கற வரைக்கும் உங்களைக் காலி பண்ண வைக்கக் கூடாதுன்னு, நான்தான் ஆபீசுக்குத் தெரியாம மாத்தி மாத்தி ஒட்டிக்கினு இருந்தேன். உன் பக்கம் உடையலையே, ஒண்ணும் ஆவாதுன்னு நம்பிட்டேன்மா."