கெட்டித் தண்டும் குழல் தண்டும்

கால் இரண்டும் வீங்கி விண்விண்ணென்று வலித்தன. ஆனாலும் அவள் காளான் பிரிக்கும் மேசையை விட்டு நகரவில்லை. சும்மா உட்கார்ந்தால் அழுகை வந்தது. முந்தாநாள் காட்டுக்குக் காளான் பறிக்கப் போன புருஷன் இன்னும் திரும்பவில்லை.

வனக்காவலர் ஒரு மூடி போட்ட கூடையைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஓடைக்கரையில ஒதுங்கிக் கிடந்துச்சும்மா. அவரோடதுதானே?"

"அவரோடதுதாண்ணே." திறந்து, ஒரு காளானை ஒடித்துப் பார்த்தாள்.

"என்னம்மா பாக்கறே? சாந்தரெல்ங்கற மஞ்சக் காளான்தானே? எனக்கு எல்லா மஞ்சளும் ஒண்ணுதான்."

"இதுல ரெண்டு வகை, அக்கா தங்கச்சி மாதிரிண்ணே. முகம் ஒண்ணு, குணம் வேற. கெட்டித் தண்டுன்னா மேட்டுல, ஓக் மரத்தடியில முளைக்கும். இது உள்ளே குழல் மாதிரி இருக்கு பாருங்க, இது சதுப்புல..."

சட்டென்று நிறுத்தினாள்.

"அவரு மேட்டுக்குத்தானே போவாருன்னு சொன்னே? நாங்க அங்கதானேம்மா தேடறோம்!"

"அவரு என்னைக்கும் மேடுதாண்ணே. சதுப்பு என் பங்கு. சேத்துல நான்தான் இறங்குவேன்."

சாயங்காலம் சதுப்பிலிருந்து அவன் உடலைத் தூக்கி வந்தார்கள்.

அவன் கிளம்பும்போது அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "சேறு எனக்கு, மேடு மகாராஜாவுக்கா? ஒருநாள் இறங்கிப் பாத்தாத்தான் தெரியும்."

அந்தப் பேச்சுக்கு அவள் அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அப்படியே பாக்கி நிற்கிறது.